ஐந்தருவிக்குக் குளிக்கப் போன நான் ஒரு பாதித் தலைப்பால் மதியம்வரை செத்துக் கிடந்தது

தலைப்பிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டேன். நேரமில்லாதவர்கள் இத்தோடு எழுந்து போகலாம், எனக்கு வருத்தமில்லை. தலைப்பைப் படித்தவனுக்கு என்ன நடந்தது, எங்கே நடந்தது, யாருக்கு நடந்தது என்று தெரிந்துவிட வேண்டும். அதற்கு மேல் உள்ளே போவதும் போகாததும் அவன் இஷ்டம். இதைச் சொல்லிச் சொல்லியே எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு நான் ஆகாதவன் ஆனேன். மீதிப் பேருக்கு அதற்கு முன்பே ஆகாது.

திருநெல்வேலியில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அடுத்தவன் எழுதியதை வெட்டுவதும் அதற்குத் தலைப்பு வைப்பதும்தான் ஆயுள் முழுக்க என் பிழைப்பு. தென்காசியை அடுத்த மேலகரத்தில் சொந்த வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் வெட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் கை அரித்தது. மனைவியின் பேச்சை வெட்ட ஆரம்பித்தேன். அவள் ஒரு சங்கதியைச் சொல்ல வந்தால் பக்கத்து வீட்டுப் பசுமாட்டிலிருந்து தொடங்குவாள். ‘விஷயத்துக்கு வா’ என்பேன். இப்படிப் பல வருஷம் சொன்னதில் அவள் சுற்றி வளைப்பதை மட்டுமல்ல, சொல்ல வருவதையே குறைத்துக்கொண்டாள்.

ஆனால் ஒரு விஷயத்தை அவள் விடவில்லை. எங்களுக்கு ஒரே மகள், கல்யாணமாகி பெங்களூரில் இருக்கிறாள். ‘எம்மா, நீ இங்க வந்துரு, எங்கூடயே இருந்துக்கோ’ என்று ஒவ்வொரு போனிலும் கூப்பிடுவாள். என் மனைவிக்கு அங்கே போய்விட வேண்டும். பத்து நாள் விருந்தாட அல்ல, ஒரேயடியாக. என்னையும் கூட்டிக்கொண்டுதான் போவேன் என்றாள் முதலில். நான் வரமாட்டேன் என்றதும், அப்படியானால் தான் மட்டுமாவது போகிறேன் என்றாள். எனக்கு யார் சோறு பொங்குவது? அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. ‘எங்காலம் முடிஞ்ச பொறவு போ’ என்றேன். அதைச் சொல்லும்போது அவள் முகம் வாடுவதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பிடித்துத்தான் இருந்தது.

இந்த நேரத்தில்தான் எங்கள் தளம் வந்தது. மேலகரத்துக்காரர் ஒருவர் வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறார். ஊர் நினைப்பு வந்து ஒரு இணையதளம் தொடங்கினார். ஊர் சம்பந்தமான செய்தி எங்கே வந்திருந்தாலும் அதன் லிங்க்கைக் கொண்டுவந்து யார் வேண்டுமானாலும் அங்கே போடலாம். மேலே ஒரு தலைப்பைப் போடுகிறவரே எழுத வேண்டும். கீழே மற்றவர்கள் விவாதம் செய்வார்கள். தென்காசி, செங்கோட்டை, இலஞ்சி ஆட்கள் சேர்ந்தார்கள். அதில் பலர் ஊரிலேயே இல்லை. பனிமலையில் காவலுக்கு நிற்கும் ராணுவக்காரர் இருந்தார். மும்பையில் பையன் வீட்டில் வாழும் கோயில் தெரு மனிதர் இருந்தார். ஊரை விட்டுப் போனவர்களுக்குத்தான் ஊரைப் பற்றி அதிகக் கருத்து இருக்கும். தலைப்புகளைத் திருத்தும் அதிகாரத்தை, பத்திரிகையில் இருந்தவர் என்பதால், எனக்குக் கொடுத்தார்கள்; தலைப்பு அண்ணாச்சி என்ற பெயரும் கூடவே வந்தது. குரங்கு கையில் பூமாலை என்று பிற்பாடு ஒருவர் எழுதினார். அந்த நபரை நீக்கும் அதிகாரமும் என்னிடம்தான் இருந்தது.

உங்களுக்கு உதாரணம் சொல்ல வேண்டும். சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூக்கும் பருவம் வந்தால் ‘மஞ்சள் கடல், மனதை அள்ளும் காட்சி’ என்று எவனாவது ஒரு லிங்க் போடுவான். படம் போன வருஷத்தது. அதைப் பார்த்துவிட்டு மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவிலிருந்து வேன் பிடித்துக் குடும்பம் குடும்பமாக வருவார்கள். வந்து பார்த்தால் உழுது போட்ட கரிசல்தான் கிடக்கும். நான் தலைப்பை மாற்றுவேன்: ‘சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி இன்னும் பூக்கவில்லை, படம் பழையது.’ லிங்க் போட்டவன் என்னைத் திட்டுவான். வேன் வாடகை மிச்சமானவன் எவனும் எனக்கு நன்றி சொன்னதில்லை.

சீசன் நாளில் கேட்கவே வேண்டாம். ‘குற்றாலத்தில் செம சாரல்’ என்பார்கள். சாரல் அடித்தால் என்ன, அருவியில் தண்ணீர் விழுகிறதா? மெயினருவியிலா, ஐந்தருவியிலா? விழுந்தாலும் குளிக்க விடுகிறார்களா? இவ்வளவும் தலைப்பில் இருக்க வேண்டும் என்று நான் விதி போட்டேன். தலைப்பு நீளமாகிறது என்றார்கள். ஆகட்டும், உங்கள் வீட்டுக் கூரையையா அது இடிக்கிறது என்றேன்.

என் விதியை முறைத்துக்கொண்டு நின்றவர் இலஞ்சிக்காரர் ஒருவர். போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், தளத்திலேயே அதிகமாக லிங்க் போடுகிறவர். அவர் தலைப்பு எதுவும் முடியாது. ‘தென்காசி பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண் செய்த காரியம்…’ என்று மூன்று புள்ளி வைப்பார். உள்ளே போனால் அந்தப் பெண் கீழே கிடந்த பர்ஸை எடுத்து உரியவரிடம் கொடுத்திருப்பாள். நான் அதை ‘பஸ் ஸ்டாண்டில் கிடந்த பர்ஸை உரியவரிடம் ஒப்படைத்த பெண்’ என்று மாற்றுவேன். அவர் போனில் கூப்பிடுவார்.

‘அண்ணாச்சி, தலைப்புலயே எல்லாத்தையும் சொல்லிட்டா சனம் எதுக்கு உள்ள வரும்?’

‘வராண்டாம். விஷயம் தெரிஞ்சா போதும்.’

‘விஷயம் தெரிஞ்சவன் பேச மாட்டான் அண்ணாச்சி. தெரியாதவன்தான் பேசுவான். நம்ம தளம் பேசுததுக்குத்தான இருக்கு?’

அவர் சொன்னதில் உண்மை இருந்தது, அதுதான் எனக்கு எரிச்சல். நான் திருத்திய தலைப்புகளுக்குக் கீழே ஒரு ஈ காக்கை இருக்காது. அவருடைய மூன்று புள்ளிக்குக் கீழே திருவிழாக் கூட்டம் நிற்கும். லிங்க்கை யார் யார் திறந்தார்கள் என்று அட்மின்களுக்கு மட்டும் தெரியும். பார்த்தால் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் உள்ளே போயிருக்கவே மாட்டார்கள். அந்தப் பெண் என்ன காரியம் செய்தாள் என்று அவரவரே முடிவுசெய்துகொண்டு, அவள் வளர்ப்பு, அவள் ஜாதி, அவள் உடுத்தியிருந்தது என்று கடித்துத் துப்பிக்கொண்டிருப்பார்கள். பர்ஸைப் பற்றி ஒருவரும் பேசியிருக்க மாட்டார்கள். பாதித் தலைப்பு என்பது மூடி திறந்து கிடக்கும் சாக்கடை, வருகிறவன் எல்லாம் தன்னிடம் இருப்பதை அதில் கொட்டிவிட்டுப் போவான் என்று அன்று எழுதினேன். அதற்கு அவர் ஒரு சிரிப்புப் பொம்மையைப் பதிலாகப் போட்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. எங்கள் பக்கத்தில் சாவை யாரும் முழு வாக்கியமாகச் சொல்ல மாட்டார்கள். அந்தச் சொல்லை வாயால் சொல்லக் கூசுவார்கள். ‘பெரியப்பா வந்து…’ என்று ஆரம்பித்து நிறுத்துவார்கள். கேட்டவர் ‘எப்ப எடுக்காவ?’ என்பார். சேதி சொல்லியாயிற்று, கேட்டாயிற்று. ஆளின் உறவுமுறையைச் சொல்லிப் பேச்சைப் பாதியில் விட்டால் அந்த ஆள் போய்விட்டார் என்றுதான் இங்கே பொருள். இது குழந்தைக்கும் தெரியும். போலீஸில் இருந்தவருக்கு, எத்தனையோ வீட்டு வாசலில் போய் நின்று அப்படிப் பாதி வாக்கியம் பேசியவருக்கு, நன்றாகவே தெரியும்.

அன்றைக்கு நல்ல சாரல். காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போனேன். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது என் வழக்கம், தண்ணீருக்கும் பயம், குரங்குக்கும் பயம். மலையில் மழை பிடித்திருந்ததால் அருவியில் தண்ணீர் திடீரென்று கூடி, குளித்துக்கொண்டிருந்தவர்களை வெளியே அனுப்பியிருந்தார்கள். கயிறு கட்டி, ஒரு அட்டையில் ‘குளிக்கத் தடை’ என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். அவ்வளவுதான். ஏன் என்று இல்லை, எதுவரை என்று இல்லை.

கயிற்றின் பக்கத்தில் நின்ற இளம் காவலரிடம் கேட்டேன். ‘என்னத்துக்குத் தடை, எப்ப விடுவிய, ஒண்ணுமே எழுதலியே தம்பி?’

‘தண்ணி கூடிருக்குல்லா அண்ணாச்சி. கொறஞ்சா விடுவோம்.’

‘அத எழுதி வைக்கணும்லா.’

‘தண்ணியப் பாத்தாலே தெரியுதே’ என்றார் அவர், மரியாதையாகத்தான்.

பின்னால் நின்ற கூட்டம் சிரித்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. அங்கே பழக்கடை வைத்திருந்த பெண்ணிடம் பேனா வாங்கி, அந்த அட்டையை இறக்கி, ‘நீர்வரத்து கூடியதால்’ என்று மேலேயும் ‘குறைந்ததும் அனுமதி’ என்று கீழேயும் எழுதி, மறுபடி மாட்டினேன். இடுப்பில் சாரலில் நனைந்த துண்டைக் கட்டிக்கொண்டு சட்டை போடாமல் ஒரு கிழவன் அட்டையைத் திருத்துவதைப் பார்த்தால் எவனாவது போனைத் தூக்காமல் இருப்பானா? தூக்கினான். எனக்கு அது தெரியாது. நான் டீக்கடையில் போய் உட்கார்ந்து, வாழைக்காய் பஜ்ஜி தின்று, தண்ணீர் குறையக் காத்திருந்து, விட்டதும் ஆசை தீரக் குளித்தேன். உடம்பு இறகாக இருந்தது. என் வாழ்க்கையிலேயே நல்ல குளியல்களில் ஒன்று அது, அந்தக் குளியலின்போது நான் செத்திருந்தேன்.

அந்த வீடியோ ஏதோ ஒரு உள்ளூர்ச் சேனலில் வந்து, இலஞ்சிக்காரர் கண்ணில் பட்டிருக்கிறது. லிங்க்கைத் தளத்தில் போட்டார். தலைப்பு இது: ‘இன்று காலை ஐந்தருவியில் தண்ணீர் கூடிய நேரத்தில் நம் தலைப்பு அண்ணாச்சி…’

முதல் இரங்கல் உடனே வந்துவிட்டது. அதைப் பார்த்து அடுத்தது. எங்கள் ஆட்களுக்கு இரங்கல் சொல்வதில் முந்திக்கொள்ள வேண்டும், பிந்தினால் பாசம் குறைவு என்று ஆகிவிடும். யாரோ என் படத்தை எடுத்து, சுற்றிலும் பூப்போட்டு, கண்ணீர் அஞ்சலி என்று அடித்து வாட்ஸப்பில் அனுப்பினார்கள். அதில் என் படம் நன்றாக இருந்தது. உயிரோடு இருக்கும்போது என்னை அவ்வளவு சிரத்தையாக யாரும் பார்த்ததில்லை.

பிறகு வீட்டில் இருந்த என் போனுக்கு அழைப்புகள் வந்திருக்கின்றன. மனைவி எடுத்திருக்கிறாள். ‘மதினி, அண்ணாச்சி…’ என்று ஒருவர் நிறுத்தினார். ‘அவுக அருவிக்குப் போயிருக்காவ’ என்றாள் இவள். எதிர்முனையில் ஒரு விசும்பல், போன் வைக்கப்பட்டது. அடுத்தவரும் அப்படியே. பொய்யாக இருக்கும் என்று அவளும் நினைத்துத்தான் பார்த்திருக்கிறாள். ஒருவர் நேராக ‘எப்ப எடுக்கிய?’ என்று கேட்டதும்தான் அவள் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் தென்காசி ஆஸ்பத்திரிக்கு விசாரிக்கப் போனார். ஐந்தருவிக்கு யாரும் போகவில்லை. செத்தவன் ஆஸ்பத்திரியில்தானே இருப்பான்.

நான் தெருமுனையில் திரும்பும்போது என் வீட்டு வாசலில் ஒரு லோடு ஆட்டோ நின்றது. பந்தல்காரர் பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். அவரை யாரும் வரச் சொல்லவில்லை, முதலில் வந்து இறக்குகிறவனுக்குத்தான் மற்ற சாமான்களின் ஆர்டரும் கிடைக்கும் என்பது அவர் தொழில் கணக்கு. ஸ்கூட்டரை நிறுத்திய என்னைப் பார்த்து, கையில் பிடித்த நாற்காலியோடு நின்றுவிட்டார்.

‘எங்க வீட்டுல யாருவே?’ என்று கேட்டேன். மனைவிக்குத்தான் என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

‘நீங்கதான் அண்ணாச்சி’ என்றார்.

நின்று முழுவதையும் கேட்டேன். அவர் போனில் அந்தத் தலைப்பைக் காட்டினார். பார்த்ததும் யார் எழுதியது என்று பெயரைப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. பந்தல்காரருக்கு என் உயிரைவிட நாற்காலிகள்தான் கவலை. ‘அப்பம் இதைத் திரும்ப ஏத்திரவா?’ என்றார். அந்த முகத்தில் இருந்தது சந்தோஷம் இல்லை. ஏமாற்றம் என்றே சொல்லலாம், நான் அவரைக் குறை சொல்லவில்லை.

லோடு ஆட்டோவுக்கு அந்தப் பக்கம் முன்வாசலில் தெருப் பெண்கள் கூடியிருந்தார்கள். அவர்கள் நடுவில் ஈரத் துண்டோடு போய் நின்று, பேய் என்று எவளாவது மயங்கி விழ, அந்தக் கூத்து எனக்கு வேண்டியிருக்கவில்லை. பக்கச் சந்து வழியாகப் பின்வாசலுக்குப் போனேன். அடுக்களைச் சன்னல் திறந்திருந்தது. மனைவி உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு மகளோடு பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு காது மந்தம், அதனால் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள்.

மகள் அழுதுகொண்டிருந்தாள். என் பிள்ளை எனக்காக அழுகிறாள் என்று ஒரு நிமிஷம் அந்தச் சன்னலடியில் நான் கர்வமாகக்கூட நின்றேன். உள்ளே போகக் கால் எடுத்தபோது மனைவி பேசினாள். அவள் அழவில்லை. பால் வாங்கச் சொல்லுவதுபோல இருந்தது குரல்.

‘காரியமெல்லாம் முடிஞ்சதும் நா உங்கூட வந்துருதேன். எங்காலம் முடிஞ்ச பொறவு போன்னு சொல்லிட்டே இருந்தாவ. முடிஞ்சு போச்சு.’

மகளின் அழுகை நின்றது.

‘எம்மா, அதெல்லாம் இப்ப எதுக்கு? நான் வாறேன், வந்து பேசிக்கிடலாம்.’

‘இதுல பேச என்ன இருக்கு? வீட்டப் பூட்டிட்டு வந்துருதேன்.’

‘நீ அவசரப்படாதம்மா. அங்கன சொந்த வீடு இருக்கு, தெரிஞ்ச ஆளுக இருக்காங்க. இங்க வந்து நாலு சுவத்துக்குள்ள என்ன செய்வ? வீட்டுல இருக்கதே ரெண்டு ரூமு. அவங்கம்மாவும் வரப்போறாங்க. அங்கயே உனக்குத் துணைக்கு ஒரு ஆள் போட்டுக்கிடலாம்.’

‘நீதான வா வான்னு கூப்ட்ட.’

‘கூப்ட்டேன்மா. இல்லங்கல. அப்பா எப்பிடியும் விட மாட்டாருன்னு…’

அவள் அதை முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை. என் மனைவி இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள், பாதியில் நிற்கும் பேச்சு அவளுக்கு விளங்கும்.

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் மகள்மேல் இல்லை. ‘முடிஞ்சு போச்சு’ என்ற அந்த வறண்ட குரல் காதிலேயே நின்றது. இத்தனை வருஷம் கூட இருந்தவளுக்கு என் சாவு ஒரு பூட்டுச் சாவி சமாச்சாரம். பின்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். கத்தவில்லை, ஓடி வரவில்லை. என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். போனில் மகள், ‘எம்மா, யாரு? யாரு வந்திருக்கா?’ என்றாள்.

‘ஒங்க அப்பா’ என்றாள் மனைவி. ‘வந்துட்டாவ. நீ வேலயப் பாரு.’ போனை அணைத்து அரிசி டின்மேல் வைத்துவிட்டு என்னிடம், ‘நல்லாக் குளிச்சியளா?’ என்று கேட்டாள். பிறகு முன்வாசலுக்குப் போய்ப் பெண்களை அனுப்பினாள்.

சாப்பிட்ட பின் தளத்தைத் திறந்து என் சாவை முழுவதும் படித்தேன். முதலில் இருந்தவை ஒன்றுபோல இருந்தன. நல்ல மனிதர், ஈடுசெய்ய முடியாத இழப்பு. கொஞ்சம் கீழே போகப் போக ஆட்களுக்குத் தைரியம் வந்திருந்தது. ‘செத்தவரைக் குறை சொல்லக்கூடாது, ஆனாலும் வாய் கொஞ்சம் நீளம்’ என்று மும்பைக் கோயில் தெருக்காரர் எழுதியிருந்தார். பனிமலை ராணுவக்காரர், ‘அண்ணாச்சியின் ஆன்மா சாந்தியடையட்டும், இனி நம் தலைப்புகளும் சாந்தியடையும்’ என்று எழுதியிருந்தார். அதற்குத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக லைக் விழுந்திருந்தது. எனக்குப் பதிலாக யாரைப் போடலாம் என்று தனியாக ஒரு விவாதம் ஓடி, ஏறக்குறைய முடிவாகியிருந்தது. அட்மின் பக்கத்தில் போய், லிங்க்கைத் திறந்தவர்கள் யார் யார் என்று பார்த்தேன். இரங்கல் சொன்னவர்களில் ஒருவர்கூடத் திறக்கவில்லை.

தலைப்பை மாற்றினேன்: ‘ஐந்தருவித் தடை அறிவிப்பு அட்டையைத் திருத்திய மேலகரம் முதியவர், உயிரோடு இருக்கிறார்.’ தகவல் முழுசாக இருந்தது. அதற்குப் பிறகு அங்கே ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை.

மறுநாள் இலஞ்சிக்காரர் வீட்டுக்கே வந்தார், அவர் தோப்புத் தேங்காய் ஒரு பையில். நான் உட்காரச் சொல்லவில்லை, அவராக உட்கார்ந்தார்.

‘அண்ணாச்சி, நா என்ன பொய்யா சொன்னேன்?’

‘மீதிய யாரு சொல்லுவா?’

‘பாதிதான சொன்னேன். நா ஒங்கள ஒரு ஆட்டு ஆட்டிப் பாக்கணும்னுதான் போட்டேன், இல்லங்கல. ஆனா மீதிய அவனுவளே எழுதிக்கிட்டானுவ.’ தேங்காய்ப் பையைக் காலால் என் பக்கம் தள்ளினார். ‘ஒங்களுக்கு வேண்டிய ஆளு ஒருத்தன் இருந்தா, என்னமோ ஏதோன்னு தொறந்து பாத்துருப்பான்லா. தொறந்தா அங்கன நீங்க துண்டக் கட்டிட்டு நிக்கிய. அவனுவ எழுதுனதப் பாத்தாலே தெரியுது, ஒரு ஆளு தொறக்கலியே அண்ணாச்சி. அதுக்கு நா என்ன செய்ய?’

அவரை வெளியே போகச் சொன்னேன். அதிகாரத்தைப் பயன்படுத்தி அன்றைக்கே தளத்திலிருந்தும் நீக்கினேன். இன்றுவரை சேர்க்கவில்லை, சேர்க்கவும் மாட்டேன். அவர் போன பிறகு தளத்தில் யாரும் பேசுவதில்லை. லிங்க்குகளும், ஒழுங்கான தலைப்புகளும் மட்டும் இருக்கின்றன. தேங்காய்களை மனைவி துவையலுக்கு எடுத்துக்கொண்டாள்.

அந்த வாரம் முழுவதும் அவள் பெங்களூர் என்ற சொல்லை எடுக்கவில்லை. மகள் தினமும் கூப்பிட்டாள், வழக்கத்தைவிட அடிக்கடியே. மழை பெய்கிறதா, அப்பா சாப்பிட்டாரா என்று கேட்டாள். ‘ரெண்டு நாளு வந்து இருந்துட்டுப் போம்மா’ என்றாள். இரண்டு நாள் என்ற கணக்கு புதிதாக வந்திருந்தது. மனைவி ‘பாப்பம் மக்கா’ என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வறண்ட குரல் என் காதை விட்டுப் போகவில்லை. நான் இன்னும் கணக்குத் தீர்க்கவில்லை என்று இருந்தது.

ஒரு மதியம், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, சாதாரணமாகச் சொல்வதுபோலச் சொன்னேன். ‘யோசிச்சுப் பாத்தேன். நீ பெங்களூர் போயிரு. இனிம நா தடுக்கல. டிக்கெட் போடட்டுமா?’

எத்தனையோ வருஷமாக அவள் கேட்ட வார்த்தை. ரசக் கரண்டி ஒரு நொடி நின்றது, பிறகு சோற்றில் ஊற்றியது.

‘சீசன் முடியட்டும்’ என்றாள்.

‘சீசனுக்கும் ஒனக்கும் என்ன? நீ என்னைக்கு அருவிப் பக்கம் போன?’

‘ஒங்களுக்கு யாரு பொங்கிப் போடுவா?’

‘அத நா பாத்துக்கிடுதேன். மகளுக்குப் போனப் போடு, நானே சொல்லுதேன், அம்மைய அனுப்பி வைக்கேன், ஒரேயடியா வச்சுக்கோன்னு.’ அரிசி டின்மேல் இருந்த போனை எட்டி எடுத்தேன்.

அவள் கரண்டியை ரசச் சட்டியில் வைத்தாள். என் எதிரே தரையில் உட்கார்ந்தாள். அவள் அப்படி என் சாப்பாட்டுக்கு நடுவில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

‘பின்வாசல்ல எம்புட்டு நேரமா நின்னிய?’ என்று கேட்டாள்.

நான் சோற்றைப் பிசைந்தேன்.

‘அவ சொன்னதக் கேட்டிய. அப்பம் நா சொன்னதயும் கேட்டிருப்பிய.’

‘கேட்டேன்’ என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். கண் கலங்கவில்லை. என் கையிலிருந்த போனை வாங்கி அது இருந்த இடத்திலேயே வைத்தாள்.

‘சரி. நீங்க செத்தா நா அழ மாட்டேன்னு ஒங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. எனக்குப் போக்கிடம் இல்லன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. இனிம ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் ஏமாத்த வேண்டியதில்ல.’ எழுந்து மோர்ச் செம்பை எடுத்தாள். ‘சோறு வச்சுக்கிடுங்க, மோர் ஊத்துதேன்.’